எந்த லினக்ஸ் உங்கள் மேசைக்கு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போக டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். ஐந்தாம், ஆறாம் தலைமுறை பிராசஸரும் 8 ஜி.பி. ரேமும் கொண்ட கணினிகள் ஆடிட்டர் அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பள்ளி ஆய்வகங்களிலும் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

எதை நிறுவுவது என்று கேட்டால், உபுண்டு என்பார் ஒருவர், மின்ட் என்பார் இன்னொருவர், ஆர்ச் தவிர எதுவும் கணினியே இல்லை என்பார் மூன்றாமவர். ஒவ்வொருவரும் தாம் பயன்படுத்துவதையே சொல்கிறார்கள். அந்த விருப்பம் அவரவர் வேலையில் பிறந்தது. உங்கள் வேலைக்கு அது பொருந்த வேண்டும் என்பதில்லை. திரையின் அழகைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு கேள்விக்கு மட்டும் முதலில் பதில் தேடுங்கள். உங்கள் கணினி எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாறலாம்? பதில் கிடைத்துவிட்டால் உங்களுக்கான லினக்ஸ் தொகுப்பின், அதாவது டிஸ்ட்ரோவின், பெயர் ஏறக்குறைய தானாக வந்துவிடும்.

மாறும் வேகம்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் இவை அனைத்துக்கும் அடித்தளம். அதன்மேல் டெஸ்க்டாப், செயலிகள், அப்டேட் ஏற்பாடு ஆகியவற்றைத் தொகுத்துத் தருவதே டிஸ்ட்ரோ. எதைப் போட்டாலும் அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே லிப்ரே ஆபீஸ், அதே வி.எல்.சி. கிடைக்கும். அன்றாட வேலையில் நாம் உணரும் வேறுபாடு, புதிய பதிப்புகள் எவ்வளவு விரைவாக நம் கணினிக்கு வந்து சேர்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

மிக நிதானமானது டெபியன். 1993-இல் இயான் மர்டாக் தொடங்கியது. பின்னால் நிறுவனம் எதுவும் இல்லை, தன்னார்வலர்கள்தான். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நிலையான பதிப்பு வரும். அதற்கு மூன்று ஆண்டுகள் முழு ஆதரவு, பிறகு இரண்டு ஆண்டுகள் நீட்டிப்பு. இடையில் பெரும்பாலான செயலிகளின் பதிப்பு எண் மாறுவதில்லை; பாதுகாப்புக் குறை ஏதேனும் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து தருவார்கள். வெள்ளிக்கிழமை மாலை விட்டுப்போன மெனு திங்கட்கிழமை காலை அதே இடத்தில் இருக்கும். ஒரு காலத்தில் டெபியனை நிறுவும்போது வைஃபை வேலை செய்யாமல் பலர் பாதியில் விட்டதுண்டு. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து தேவையான ஃபர்ம்வேர் நிறுவல் கோப்போடு சேர்ந்தே வருவதால் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் 13-ஆம் பதிப்பு வந்திருக்கிறது.

டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004-இல் மார்க் ஷட்டில்வொர்த்தின் கனோனிகல் நிறுவனம் கொண்டுவந்தது உபுண்டு. இதில் இரண்டு வகைப் பதிப்புகள் உண்டு. இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் எல்.டி.எஸ். (நீண்ட கால ஆதரவு) பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு. இடையில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக வருபவற்றுக்கு ஒன்பதே மாதம். அலுவலகக் கணினிக்கு எல்.டி.எஸ். தவிர வேறொன்றை நினைக்கவே வேண்டாம். தனிநபர்கள் ஐந்து கணினிகள் வரை உபுண்டு ப்ரோ சேவையை இலவசமாகப் பெறலாம். அதில் எல்.டி.எஸ். பதிப்புக்கான பாதுகாப்பு அப்டேட்கள் பத்து ஆண்டு வரை நீளும். பலர் இதைத் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஃபெடோரா ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். ஒரு பதிப்பின் ஆயுள் சுமார் 13 மாதம். ஆண்டுக்கு ஒருமுறையாவது கணினியை முழுமையாக மேம்படுத்தியே ஆக வேண்டும். ஆர்ச் லினக்ஸில் பதிப்பு என்பதே இல்லை. இன்று வெளியான மென்பொருள் சில நாட்களில் உங்கள் கணினியில் இருக்கும். அப்டேட் செய்யுமுன் அவர்களுடைய அறிவிப்புப் பக்கத்தைப் படித்துவிட்டுச் செய்வது அங்கே எழுதப்படாத கடமை. படிக்க நேரமில்லாதவர் ஆர்ச்சைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதேவேளை ஆர்ச்சின் விக்கி, லினக்ஸ் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த கையேடுகளில் ஒன்று. எந்த டிஸ்ட்ரோவில் இருந்தாலும் சிக்கல் வந்தால் அதைப் புரட்டிப் பாருங்கள்.

நிதானமான டிஸ்ட்ரோவில் செயலிகள் பழையனவாக இருக்குமே என்று தயங்குவோருக்கு ஃபிளாட்பேக் விடை தருகிறது. ஃப்ளாட்ஹப் என்ற களஞ்சியத்திலிருந்து ஜிம்ப், இங்க்ஸ்கேப், கேடென்லைவ் போன்றவற்றின் புதிய பதிப்பை மட்டும் தனியாக நிறுவிக்கொள்ளலாம்; அடித்தளம் அசையாது. வட்டில் இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். இந்த வசதி வந்த பிறகு, அன்றாட அலுவலக வேலைக்கு வேகமாக மாறும் டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்க எனக்கு வலுவான காரணம் எதுவும் தெரியவில்லை.

யாருக்கு எது?

கடிதம், கணக்குத்தாள், மின்னஞ்சல், வங்கி இணையதளம் என்று வேலை பார்ப்பவர், கணினியைப் பற்றிச் சிந்திக்க விரும்பாதவர் என்றால் தயங்காமல் லினக்ஸ் மின்ட் போடுங்கள். 2006-இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கியது. உபுண்டு எல்.டி.எஸ். மேல் கட்டப்படுவதால் அதே ஐந்து ஆண்டு நிம்மதி இதற்கும் உண்டு. 22-ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு. சின்னமன் டெஸ்க்டாப்பில் கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7-இலிருந்து வந்தவர்கூட அன்றே வேலையைத் தொடங்கிவிடலாம். டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. ஏதேனும் அப்டேட் கெடுத்துவிட்டால் முந்தைய நிலைக்குக் கணினியைத் திருப்பலாம். ஆனால் அது இயங்குதளத்தைக் காக்கும் கருவி. உங்கள் கோப்புகளுக்குத் தனி பேக்அப் எப்போதும் வேண்டும்.

4 ஜி.பி. ரேம் உள்ள பழைய கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான டெஸ்க்டாப் கொண்ட மின்ட் பதிப்பு பொருந்தும். இன்றைய இணையப் பக்கங்களே ரேமை அதிகம் தின்பதால் கணினி அடிக்கடி வட்டை நாடும். ஆகவே கொஞ்சம் பணம் கிடைத்தால் முதலில் பழைய ஹார்டு டிஸ்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுங்கள். டிஸ்ட்ரோ மாற்றுவதைவிட அது அதிகப் பலன் தரும்.

நிரல் எழுதுபவருக்கு ஃபெடோரா நல்ல தேர்வு. புதிய கருவிகள் விரைவாக வரும். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் ஃபெடோராவிலிருந்தே உருவாகிறது என்பதால், வங்கி, தொலைத்தொடர்பு போன்ற பெரிய நிறுவனங்களின் சர்வரில் சில ஆண்டுகள் கழித்து வரப்போவதை இன்றே உங்கள் மேசையில் பழகிக்கொள்கிறீர்கள்.

என் சொந்த விருப்பம் டெபியன், அதன்மேல் எக்ஸ்.எஃப்.சி.இ. டெஸ்க்டாப். எழுத்து வேலைக்குத் திரை மாறாமல் இருப்பதே எனக்குப் பெரிய வசதி. எந்த நிறுவனத்தின் வணிகத் திட்டமும் என் கணினியின் போக்கைத் தீர்மானிப்பதில்லை என்பதையும் நான் மதிக்கிறேன். இருந்தும் புதிதாக வருபவரிடம் மின்ட்டையே சொல்கிறேன். டிரைவர் நிறுவ, அப்டேட் பார்க்க, பிரிண்டர் சேர்க்க எல்லாவற்றுக்கும் அதில் சொடுக்கினால் போதும்.

ஃப்ரீ பி.எஸ்.டி. போன்ற லினக்ஸ் அல்லாத கட்டற்ற இயங்குதளங்களும் இருக்கின்றன. சர்வர் வேலைக்கு அவை சிறந்தவை. மடிக்கணினியின் வைஃபையும் தூக்க நிலையும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பவர் லினக்ஸோடு நிற்பது நல்லது.

இன்னொன்று: பக்கத்து இருக்கைக்காரர் உபுண்டு நன்றாக அறிந்தவர், உதவவும் தயார் என்றால் நீங்களும் உபுண்டுவே போடுங்கள். உதவிக்கு ஆள் இருப்பது எந்த ஒப்பீட்டுப் பட்டியலையும்விடப் பெரிது.

நிறுவுமுன் பார்க்க வேண்டியவை

உங்கள் வருமானம் எந்த மென்பொருளை நம்பியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டேலி விண்டோஸுக்கான மென்பொருள். ஃபோட்டோஷாப், கோரல்டிரா, ஆட்டோகேட் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. எக்ஸெல் கோப்பில் யாரோ எழுதிவைத்த மேக்ரோக்கள் லிப்ரே ஆபீஸில் அப்படியே ஓடும் என்று நம்பி இறங்க வேண்டாம். டெண்டருக்கும் வரித் தாக்கலுக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவர், டோக்கனின் டிரைவரும் அந்த இணையதளம் கேட்கும் கையெழுத்துச் செயலியும் லினக்ஸில் வேலை செய்கின்றனவா என்று கடைசித் தேதி நெருங்காத ஒரு நாளில் சோதித்துவிட வேண்டும். இந்தப் பட்டியலில் ஒன்று இருந்தாலும் அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் கணினியை விட்டுவைத்து மற்றவற்றை மாற்றுங்கள். ஜெராக்ஸ் கடையில் நான்கு கணினி இருந்தால் நான்கும் ஒரே நாளில் மாற வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை.

உலாவியில் நடக்கும் வேலைக்கு இந்தத் தலைவலி கிடையாது. சோஹோ ஆவணங்கள், கூகுள் மீட், வாட்ஸ்அப் வெப் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ ஓடும். ஜூமுக்கு லினக்ஸ் செயலி உண்டு. டீம்ஸின் லினக்ஸ் செயலியை மைக்ரோசாஃப்ட் 2022-இல் நிறுத்திவிட்டதால் அதையும் உலாவியில்தான் திறக்க வேண்டும்.

பிரிண்டரை மறந்துவிடாதீர்கள். ஹெச்.பி. பிரிண்டர்களுக்கு ஹெச்.பி.லிப் என்ற கட்டற்ற டிரைவரே இருக்கிறது. வைஃபை வழியே ஏர்பிரிண்ட் ஆதரிக்கும் பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே அச்சிடும். பழைய சிறு லேசர் பிரிண்டர்கள் சிலதான் முரண்டு பிடிக்கும்.

இவை அனைத்தையும் நிறுவாமலே சோதிக்க முடியும். ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற கருவியைக் கொண்டு 8 ஜி.பி. பென் டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், புரொஜெக்டர் ஒவ்வொன்றையும் பாருங்கள். பிடித்திருந்தால் நிறுவலாம். விண்டோஸும் கூடவே இருக்க வேண்டும் என்றால், ஒரே வட்டைப் பிரிப்பதைவிட இரண்டாவது எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி அதில் லினக்ஸை வைப்பது பாதுகாப்பு. அதற்கு முன் விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து திறக்கலாம், ஆனால் திருத்த முடியாமல் போகலாம்.

நிறுவனம் கொடுத்த மடிக்கணினியில் இவற்றில் எதையும் செய்யாதீர்கள். ஐ.டி. துறையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். முழு மாற்றத்துக்கு மறுத்தாலும் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல்.-க்குச் சம்மதிக்கக்கூடும்.

தமிழில் வேலை செய்பவருக்கு

இந்தப் பகுதியைப் பொதுவான வழிகாட்டிகள் தொடுவதே இல்லை. நம் அலுவலகங்களில் மாற்றம் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான்.

யூனிகோடில் தட்டச்சு செய்பவருக்குக் கவலை இல்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலியியல் முறை உள்ளிட்ட விசைப்பலகைகள் கிடைக்கும். லோஹித், நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் எல்லா முக்கிய டிஸ்ட்ரோக்களின் களஞ்சியத்திலும் இருக்கின்றன. உலாவி, லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் அனைத்திலும் தமிழ் எழுத்துகள் சரியாகவே சேர்ந்து தெரியும்.

பாமினி, வானவில் போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கோப்புகள்தான் சிக்கல். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் பல அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பழைய எழுத்துருக்களே புழங்குகின்றன. அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவிக்கொண்டால் பழைய ஆவணத்தைப் படிக்கலாம், அச்சிடலாம். அதில் புதிதாகத் தட்டச்சு செய்யத் துணைநின்ற விசைப்பலகை மென்பொருள்களோ விண்டோஸுக்கென்று எழுதப்பட்டவை. ஆகவே இயங்குதளத்தை மாற்றுவதற்குச் சில மாதங்கள் முன்பே, விண்டோஸில் இருக்கும்போதே, புதிய ஆவணங்களை யூனிகோடில் எழுதப் பழகுங்கள். தேவையான பழையவற்றை எழுத்துரு மாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். யூனிகோடில் எழுதிய கோப்பு எந்த இயங்குதளத்திலும் திறக்கும். லினக்ஸே வேண்டாம் என்று பின்னர் முடிவெடுத்தாலும் இந்த உழைப்பு வீணாகாது.

லதா, நிர்மலா எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்டுக்கு உரியவை என்பதால் லினக்ஸில் வருவதில்லை. அவற்றில் அமைத்த வேர்டு கோப்பை லிப்ரே ஆபீஸ் வேறு எழுத்துருவில் காட்டும். வரிகள் உடையும், நான்கு பக்கக் கடிதம் ஐந்து பக்கமாகும். கையெழுத்துக்குப் போகும் ஆவணத்தை எப்போதும் பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். சேர்ந்து திருத்த வேண்டிய ஆவணம் என்றால் இரு தரப்பும் நோட்டோ தமிழுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் குறைவு. காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதில் லிபரேஷன் என எழுத்தின் அகலம்கூட மாறாத மாற்றுகள் உண்டு.

பக்க வடிவமைப்பாளருக்கு ஒரு சொல். பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸின் 1.4 வரிசையில் தமிழ் எழுத்துகள் சிதறும். 2024-இல் வெளியான 1.6-இல் அது சரியாகிவிட்டது. பழைய அனுபவத்தை வைத்துக்கொண்டு ஸ்கிரைபஸை ஒதுக்கியவர்கள் இப்போது மறுபடி பார்க்கலாம். உங்கள் டிஸ்ட்ரோவில் பழையது இருந்தால் ஃபிளாட்பேக் வழியே புதியதை எடுங்கள்.

அலுவலகம் முழுவதும் மாறுவதென்றால்

பிரான்ஸின் ஜாந்தர்மெரி காவல்படை செய்ததைப் பாருங்கள். 2005-இல் அவர்கள் முதலில் மாற்றியது ஆபீஸ் மென்பொருளை. ஓப்பன் ஆபீஸ் வந்தது. அடுத்து ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும். ஊழியர்கள் விண்டோஸிலேயே இருந்துகொண்டு இவற்றுக்குக் கை பழகிய பிறகு, 2008-இல்தான் உபுண்டுவுக்கு மாறும் திட்டத்தை அறிவித்தார்கள். இயங்குதளம் மாறியபோது கையில் இருந்த செயலிகள் மாறவில்லை. பல்லாயிரம் கணினிகள் அப்படி மாறின. ஜெர்மனியின் ம்யூனிக் நகராட்சியும் 2003-இல் முடிவெடுத்து ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றியது. ஆட்சி மாறிய பின் 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. மேலிடத்தின் ஆதரவு ஆட்சி மாற்றத்தைத் தாண்டி நிற்குமா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நமக்கு அருகில் கேரளப் பள்ளிகள் நீண்ட காலமாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி கற்பிக்கின்றன. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய டெபியன் வழித்தோன்றல். பள்ளியில் அதைத் திறந்து பார்த்தவர்களுக்கு டெபியனும் மின்ட்டும் அந்நியமாக இருக்காது.

வேலைவாய்ப்புக்கு

வீட்டு மேசையில் பயன்படும் டிஸ்ட்ரோவும் சர்வரில் பயன்படுவதும் ஒரே குடும்பமாக இருந்தால் படிப்பு பாதியாகக் குறையும். புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களின் கிளவுட் சர்வர்களில் உபுண்டுவும் டெபியனும் மிகுதி. மின்ட் பயன்படுத்துபவருக்கு அதே கட்டளைகள்தான். பெரிய நிறுவனங்களில் ரெட் ஹாட் ஆட்சி. ரெட் ஹாட்டுக்கு இலவச மாற்றாக இருந்த சென்ட் ஓ.எஸ். 8-இன் ஆதரவு 2021 இறுதியோடு முடிந்ததால் அந்த இடத்தை ஆல்மா லினக்ஸும் ராக்கி லினக்ஸும் நிரப்பியிருக்கின்றன. ரெட் ஹாட்டையே பழக விரும்பும் தனிநபருக்கு 16 கணினிகள் வரை இலவச டெவலப்பர் உரிமம் உண்டு.

சான்றிதழ் எடுப்பதாக இருந்தால் ரெட் ஹாட்டின் ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ.-வை முதலில் எண்ணுங்கள். சரியான விடைக்கு டிக் போடும் தேர்வு இல்லை. கணினியில் செய்து காட்ட வேண்டும். அதனாலேயே நேர்காணல் செய்பவர்கள் அதை மதிக்கிறார்கள். விண்ணப்பத்தில் “லினக்ஸ் தெரியும்” என்று மட்டும் எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். பழைய கணினி ஒன்றில் டெபியன் நிறுவி, வீட்டிலுள்ள எல்லோரின் படங்களுக்கும் தினசரி பேக்அப் அமைத்தேன் என்று எழுதுங்கள். கேள்விகள் அதிலிருந்தே பிறக்கும். பதிலும் உங்களிடம் இருக்கும்.

சிக்கல் வரும்போது தமிழிலேயே கேட்க இடம் இருக்கிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் பயனர் குழுக்கள் துடிப்பாக இருக்கின்றன. 2012-இல் தொடங்கிய கணியம் இதழில் லினக்ஸ் பற்றிய தமிழ்க் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாகக் கிடைக்கும். கேட்கும்போது டிஸ்ட்ரோவின் பெயர், பதிப்பு எண், கணினியின் மாடல், திரையில் வந்த பிழைச் செய்தி நான்கையும் சேர்த்தே எழுதுங்கள். பதில் அன்றே வந்துவிடக்கூடும்.